பம்ப் நிற்கும்போது தண்ணி எங்கே போகும்?



இந்த வார எபிசோடில், பழுதானாலும் ஆபத்தில்லாமல் பழுதாகும் இயந்திரங்களைப் பற்றிப் பேசினோம். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் காப்புரிமை எடுத்த ரயில் பிரேக் கதை ஞாபகம் இருக்கும். காற்றழுத்தம் இருந்தால் பிரேக் தளர்ந்திருக்கும். குழாய் அறுந்து அழுத்தம் போனால் பிரேக் தானாகவே பிடிக்கும். எபிசோட் முடிந்த பிறகு நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்கள் இடையில சொன்ன அந்த மீன் தொட்டி வெள்ளம், அது என்ன கதை?"

சரி, அதை இன்றைக்கு முழுசா எழுதுறன். கதை கொஞ்சம், குழாய் வேலை நிறைய. வீட்டில் உப்புத்தண்ணித் தொட்டி வைக்க நினைக்கிறவர்களுக்கு இது நேரடியாக உதவும். மற்றவர்களும் வாசியுங்கோ, சைஃபன் என்ற சாமான் உங்கட குசினியிலும் இருக்கு.

அப்பம்மாவுக்கு மழை பெய்த இரவு

எங்கட வீடு ஸ்கார்பரோவில். மீன் தொட்டி மேல் தளத்தில், ஹோலில் இருக்கு. அதற்கு நேர் கீழே பேஸ்மென்டில் அப்பம்மாவின் அறை. தொட்டி 75 கேலன், அதாவது சுமார் 284 லிட்டர். இரண்டு கிளவுன்ஃபிஷ், கொஞ்சம் பவளம், நாலைந்து நத்தை. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. அதற்குப் பெயர் சம்ப். மேல் தொட்டித் தண்ணி வழிந்து சம்புக்கு இறங்கும். அங்கே ஹீட்டர், ஸ்கிம்மர் எல்லாம் இருக்கும். சுத்தமான தண்ணியை ஒரு பம்ப் திரும்ப மேலே அனுப்பும். அந்த மேலே போற குழாய்தான் ரிட்டர்ன் லைன்.

எட்டு மாதம் எல்லாம் நல்லா ஓடியது. பிறகு ஒரு நாள் இரவு 2 மணிக்குக் கரண்ட் போனது. எனக்குத் தெரியாது, நான் நித்திரை. கீழேயிருந்து அப்பம்மாவின் குரல்தான் எழுப்பியது.

"பிள்ளை, வெளியில மழையோ? கட்டிலில தண்ணி ஒழுகுது."

ஜனவரி மாதம். வெளியே மழை இல்லை, பனி. நான் ஃபோன் வெளிச்சத்தோடு ஹோலுக்குள் ஓடினேன். அலமாரிக் கதவுக்குக் கீழால் தண்ணி வந்துகொண்டிருந்தது. அலமாரிக்குள் தரையில் கிடந்த பவர் பார் தண்ணிக்குள். நான் அதை எடுக்கக் குனிந்தபோது அப்பா பின்னால் இருந்து கத்தினார்.

"தொடாத! கரண்ட் இப்ப வந்தால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சியா?"

அப்பா தொட்டிப் பக்கம் வரவே இல்லை. நேரே பேஸ்மென்ட் பானலுக்குப் போய் ஹோல் பிரேக்கரை விழுத்தினார். பிறகுதான் துவாய்களோடு வந்தார். பத்து நிமிஷத்தில் தெருவில் கரண்ட் திரும்பி வந்தது.

தரையில் கொட்டியது சுமார் 20 லிட்டர். ஹோல் தரைப் பலகைகள் ஊதிப்போய் ஒரு பக்கம் மாற்றவேண்டி வந்தது. அப்பம்மாவின் அறை சீலிங்கில் இன்றைக்கும் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கு. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்பவும் வயிறு கலங்கும்.

குழாய்க்கு பம்ப் தெரியாது

என்ன நடந்தது? பம்ப் ஓடும்போது ரிட்டர்ன் லைன் முழுக்கத் தண்ணி. குழாய் சம்பிலிருந்து மேலே ஏறி, தொட்டி விளிம்பைத் தாண்டி, தண்ணிக்குள் இறங்கி முடியுது. இப்ப கரண்ட் போகுது. குழாய்க்குள் இருக்கிற தண்ணிக்குப் பாரம் இருக்கு. சம்ப் பக்கம் இறங்கும் தண்ணித் தூண் நீளம் அதிகம், அதனால் அது கீழே விழப்பார்க்கும். விழும்போது பின்னால் அழுத்தம் குறையும். தொட்டித் தண்ணியின் மேல் இருக்கிற காற்றழுத்தம் தொட்டித் தண்ணியைக் குழாய்க்குள் தள்ளும். அவ்வளவுதான், சைஃபன் தொடங்கிவிட்டது. நாங்கள் வழக்கமாகப் பாவிக்கிற மையவிலக்கு பம்ப் நின்றுவிட்டால் தண்ணியைத் தடுக்காது. தண்ணி பம்புக்குள்ளால் சும்மா பின்னோக்கிப் போகும்.

குழாய்க்கு பம்ப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எது உயரம், எது பள்ளம் என்பது மட்டும்தான் தெரியும். குழாயின் மேல் வாய்க்குள் காற்று போகும்வரை இது நிற்காது. அதாவது தொட்டித் தண்ணி அந்த வாய் மட்டம்வரை இறங்கும்.

என்ர பிழை அங்கேதான். ரிட்டர்ன் வாயை நான் தண்ணி மட்டத்துக்கு 4 இன்ச் கீழே வைத்திருந்தேன். ஏன்? மேலே வைத்தால் சலசலப்புச் சத்தம், காற்றுக் குமிழி. கீழே வைத்தால் அமைதி, பார்க்கவும் வடிவு.

கணக்கைப் பாருங்கோ. கனடாவில் குழாய் இன்ச்சில், தண்ணி லிட்டரில், பொறுத்துக்கொள்ளுங்கோ.

என் தொட்டி 48 இன்ச் நீளம், 18 இன்ச் அகலம். அதில் 1 இன்ச் உயரத் தண்ணி என்றால் சுமார் 14 லிட்டர். 4 இன்ச் இறங்கினால் 57 லிட்டர். குழாயிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் இருக்கிற 5 லிட்டரையும் சேர்த்தால் 62.

சம்ப் 30 இன்ச் நீளம், 12 இன்ச் அகலம், 18 இன்ச் உயரம். அதில் 1 இன்ச் என்றால் சுமார் 6 லிட்டர். நான் 11 இன்ச் வரை நிரப்பி வைத்திருந்தேன். மிச்ச இடம் 7 இன்ச், அதாவது 42 லிட்டர்.

62 லிட்டர் வருது, 42 லிட்டருக்குத்தான் இடம். மிச்சம் 20 லிட்டர் அப்பம்மாவின் கட்டிலில். நாலாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. தொட்டி வாங்குமுன் ஐந்து நிமிஷம் பேப்பரில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆனால் பாதுகாப்பு இருந்ததே?

இருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, செக் வால்வு. தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவு. பம்ப் நின்றால் அந்தக் கதவு மூடி, பின்னோக்கி வரும் தண்ணியைத் தடுக்கவேணும். இரண்டாவது, சைஃபன் உடைக்கும் ஓட்டை. ரிட்டர்ன் குழாயில், தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டிருந்தேன். தொட்டித் தண்ணி கொஞ்சம் இறங்கியவுடன் அந்த ஓட்டைக்குள்ளால் காற்று போகும், சைஃபன் அறும்.

பூட்டின அன்றே பம்பை நிறுத்திப் பார்த்தேன். இரண்டும் பிரமாதமாக வேலை செய்தது. வீடியோ எடுத்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினேன். பிறகு எட்டு மாதம் பம்பை ஒருநாளும் நிறுத்திப் பார்க்கவில்லை.

வெள்ளத்துக்கு அடுத்த நாள் எல்லாவற்றையும் கழற்றினோம். ஓட்டை இருந்த இடத்தில் ஓட்டை இல்லை. ஊதா நிறக் கோரலின் பாசி, சுண்ணாம்பு மாதிரி இறுகி, துளையை முழுசா மூடியிருந்தது. செக் வால்வின் கதவு ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் குழல்கள், சுண்ணாம்புக் கூட்டுக்குள் வாழும் புழுக்கள். கதவு முழுசா மூட முடியாமல் ஒரு மயிரிழை திறந்து நின்றது. மயிரிழை போதும், சைஃபனுக்கு அவசரம் இல்லை.

உப்புத்தண்ணித் தொட்டியில் பவளம் வளரவேணும் என்று கால்சியம் போடுறோம். அதே கால்சியம் குழாயிலும் வளரும். பவளத்துக்கு நல்ல தண்ணி செக் வால்வுக்குக் கெட்ட தண்ணி.

அப்பா அந்த வால்வைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், தோட்டம் செய்த குடும்பம். கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய் பம்பால் தண்ணி இறைத்தவர்.

"இது எங்கட ஃபுட் வால்வுதானே. கிணத்துக்குள்ள குழாயின்ர அடியில பூட்டுறது. ஒரு சின்னக் கல்லோ இலையோ இடையில பட்டால் காணும், இரவோட இரவா குழாயில இருக்கிற தண்ணி முழுக்க கிணத்துக்குள்ள இறங்கிடும். விடிய எழும்பி வாளியால அள்ளி ஊத்தித்தான் மெசினை ஸ்டார்ட் பண்ணுவம். ஃபுட் வால்வை நம்பி ஆர் நித்திரை கொண்டது?"

நான் இதைப் பற்றி எத்தனையோ வீடியோ பார்த்தேன். அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை. அவருக்கு அக்வேரியம் தெரியாது என்று நினைத்தேன். அவருக்கு வால்வு தெரியும்.

இரண்டாவது தடவை: நிற்கும் நிலைக்காகக் கட்டினது

அந்த வார இறுதியில் அப்பாவும் நானும் மேசையில் இருந்து புதுசா வரைந்தோம். முதல் தடவை நான் "தண்ணி எப்படி மேலே போகும்" என்று யோசித்தேன். இந்தத் தடவை முதல் கேள்வி வேறு: எல்லாம் நின்றால், ஒரு கதவும் மூடாவிட்டால், ஒரு ஓட்டையும் திறக்காவிட்டால், தண்ணி எங்கே போய் நிற்கும்? அந்த விடை "சம்புக்குள்" என்று வந்தால்தான் அடுத்த கோடு போடுறது.

1. வாயை மேலே கொண்டுவந்தோம். புது ரிட்டர்ன் வாய் தண்ணி மட்டத்துக்கு 1 இன்ச்தான் கீழே. கரண்ட் போனால் 14 லிட்டர், குழாயும் பெட்டியும் 5 லிட்டர், மொத்தம் 19. சம்பில் அது 3 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். இதில் அசையும் பாகம் எதுவும் இல்லை, அடைபடவும் ஒன்றும் இல்லை. சத்தம் கொஞ்சம் கூடத்தான். வாயைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சமாளிக்கலாம்.

2. சம்பை குறைவாக நிரப்பினோம். ஓடும்போது 10 இன்ச். அதோடு சம்பின் வெளிக் கண்ணாடியில் டேப் ஒட்டி "இதற்கு மேலே நிரப்பாதே" என்று எழுதினோம். ஒரு விஷயம் கவனியுங்கோ: சம்புக்குள் இருக்கிற ஸ்கிம்மர், கல், பம்ப் எல்லாம் இடம் பிடிக்கும். நீளம் பெருக்கல் அகலம் என்று பேப்பரில் வரும் இடம் முழுசா உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே 2 இன்ச்சாவது சும்மா விடுங்கோ.

3. ஓட்டையை வைத்திருக்கிறோம், ஆனால் கணக்கில் சேர்ப்பதில்லை. மாதம் ஒருதடவை பல் பிரஷால் தேய்ப்பேன். ஓட்டை போடும்போது தண்ணி பீய்ச்சும் பக்கம் தொட்டிக்குள் கீழ்நோக்கி இருக்கவேணும், இல்லாவிட்டால் லைட்டில் உப்பு படியும். செக் வால்வை எடுத்தே விட்டோம். வைக்க விரும்பினால் வையுங்கோ. இரண்டு பக்கமும் யூனியன் பூட்டி, கழற்றி வினிகரில் ஊறப்போடக்கூடிய மாதிரி வையுங்கோ. ஆனால் அது இல்லாமலே சம்ப் நிரம்பி வழியாது என்று முதலில் உறுதி செய்யுங்கோ.

இந்த ஐடியா புதுசு இல்லை. குசினி சிங்க்கைப் போய்ப் பாருங்கோ. பைப்பின் வாய் சிங்க் விளிம்புக்கு மேலேதான் இருக்கும், ஒருநாளும் உள்ளே மூழ்காது. தெருக் குழாயில் திடீரென்று அழுத்தம் குறைந்தாலும் சிங்க்கில் இருக்கிற அழுக்குத் தண்ணி குடிதண்ணிக் குழாய்க்குள் உறிஞ்சப்படக்கூடாது என்பதற்காக விட்ட காற்று இடைவெளி அது. வளவில் ஹோஸ் பூட்டுற பைப்பின் நுனியில் ஒரு சின்ன மூடி மாதிரி இருக்கும். அதுவும் அதே வேலைதான். இரண்டிலும் அந்த வெறும் இடைவெளிதான் ஒருநாளும் பழுதாகாது.

மற்றப் பக்கம்: தண்ணி இறங்காவிட்டால்?

கரண்ட் போவது ஒரு பழுது. எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கு. பம்ப் ஓடுது, ஆனால் ஓவர்ஃப்ளோவை ஒரு நத்தை அடைத்துவிட்டது. இப்ப மேலே போற தண்ணி திரும்பி வராது. தொட்டி வழியும்.

இதற்கும் கழித்தல் கணக்குத்தான். பம்ப் இருக்கிற சம்ப் அறையை சின்னதாக வைக்கவேணும். என்னுடையது 10 இன்ச் நீளம், 12 இன்ச் அகலம். பம்ப் வாய்க்கு மேலே 6 இன்ச் தண்ணி. அது சுமார் 12 லிட்டர். அதை முழுக்க மேலே தள்ளினாலும் தொட்டி 1 இன்ச்சுக்குக் குறைவாகத்தான் உயரும். விளிம்புக்கு இன்னும் 1.5 இன்ச் இருக்கு. அதற்குள் பம்ப் வறண்டு, காற்றை உறிஞ்சி, பயங்கரமாகச் சத்தம் போடும். பம்ப் பாவம். ஆனால் தரை காயும்.

இங்கே ஒரு பொறி. ஆவியாகிற தண்ணிக்குப் பதிலாக நல்ல தண்ணி தானாக ஊற்றும் கருவி ஒன்று எல்லாரும் வைத்திருப்போம். அது பம்ப் அறையின் மட்டத்தைத்தான் பார்க்கும். அறை வறண்டால் "ஐயோ தண்ணி குறைஞ்சு போச்சு" என்று தன்னுடைய வாளி முழுக்க ஊற்றும். என் வாளி 20 லிட்டர். 12-ம் 20-ம் 32. தொட்டியில் அது 2 இன்ச்சுக்கு மேல். விளிம்புக்கு இருப்பது 1.5. திரும்பவும் அப்பம்மாவுக்கு மழை! அதனால் வாளியை 5 லிட்டராக மாற்றினேன். இரண்டு நாளைக்கு ஒருதடவை நானே நிரப்புறன். கொஞ்சம் கரைச்சல்தான், பரவாயில்லை.

குழாய் வேலை, சுருக்கமாக

பம்ப் பெட்டியில் மணிக்கு 4000 லிட்டர் என்று போட்டிருந்தது. அது குழாயே பூட்டாமல், ஒரு அடி உயரமும் ஏற்றாமல் வரும் அளவு. என் வீட்டில் சம்ப் தண்ணி மட்டத்துக்கும் தொட்டித் தண்ணி மட்டத்துக்கும் இடையில் சுமார் 3 அடி. அதோடு குழாய்ச் சுவரில் உராய்வு. அளக்க ஒரு வாளியும் ஃபோன் ஸ்டாப்வாட்ச்சும் போதும். வாளியைத் தொட்டி உயரத்தில் பிடித்து, ரிட்டர்ன் வாயை அதற்குள் விடுங்கோ. முதல் அமைப்பில் 10 லிட்டர் நிரம்ப 30 வினாடி, அதாவது மணிக்கு 1200 லிட்டர். புது அமைப்பில் 20 வினாடி, மணிக்கு 1800. அதே பம்ப்!

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? முதலில் முக்கால் இன்ச் குழாய் பாவித்தேன், இப்ப 1 இன்ச். ஷெட்யூல் 40 பிவிசியில் 1 இன்ச் குழாயின் உள் விட்டம் 1.049 இன்ச், முக்கால் இன்ச் குழாயுடையது 0.824. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அதே அளவு தண்ணியை அனுப்பினால் சின்னக் குழாயில் உராய்வு மூன்று மடங்குக்கும் மேல். எல்போக்களையும் குறைத்தோம். 1 இன்ச் குழாயில் ஒரு எல்போ பூட்டுவது, கிட்டத்தட்ட இரண்டரை அடி நேர்க் குழாய் கூடப் பூட்டினதுக்குச் சமம். முதலில் 5 இருந்தது, இப்ப 2. செக் வால்வு போனதிலும் கொஞ்சம் இலாபம்.

பூட்டின ஒழுங்கு இது: பம்ப், அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மெத்தென்ற சிலிக்கோன் ஹோஸ், பிறகு யூனியன், பிறகு நேர்க் குழாய், விளிம்பில் எல்போ, வாய். மெத்தென்ற ஹோஸ் இருந்தால் பம்பின் அதிர்வு அலமாரிக்கு ஏறாது. யூனியன் இருந்தால் பம்பைக் கழுவும்போது குழாயை வெட்டத் தேவையில்லை. யூனியனை மறந்தால் ஒரு வருஷத்தில் வாள் எடுத்து நிற்பீர்கள்.

கடையில் கவனிக்கவேண்டியது மூன்று. கறுப்பு ஏபிஎஸ் குழாய் கழிவுத் தண்ணிக்கானது, அதன் பசையும் வேறு. பிவிசி எடுத்தால் எல்லாம் பிவிசி. பித்தளை, செம்பு எதுவும் வேண்டாம். செம்பு கரைந்தால் நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சு. ஹோஸை இறுக்கப் பிளாஸ்டிக் கிளாம்ப் எடுங்கோ, சாதாரண இரும்பு உப்புத்தண்ணியில் துருப்பிடித்துவிடும்.

ஒட்டும்போது எனக்குத் தெரியாமல் போன ஒன்று: பசை இல்லாமல் பொருத்திப் பார்த்தால் குழாய் பாதிதான் உள்ளே போகும். பசை பூசினால்தான் அடிவரை வழுக்கிப் போகும். அதனால் சும்மா பொருத்தி வைத்து அளந்து வெட்டினால், ஒட்டின பிறகு எல்லாம் கட்டையாகிவிடும். ஃபிட்டிங்கின் குழி எவ்வளவு ஆழம் என்று தனியாக அளந்து சேருங்கோ. வெட்டின விளிம்பை மட்டத்தாளால் தேய்த்து, இரண்டு பக்கமும் பிரைமர், பிறகு பசை, உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, 30 வினாடி அமத்திப் பிடியுங்கோ. விட்டால் வெளியே தள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கோ, மணம் தலையைச் சுற்றும். தண்ணி விட 24 மணித்தியாலம் பொறுங்கோ.

கடைசியாக மின்சாரம், இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பவர் பார் தரையில் கிடக்கக்கூடாது. இப்ப எங்களுடையது அலமாரியின் பக்கச் சுவரில், சம்ப் விளிம்புக்கு மேலே இருக்கு. ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி ஒரு வளைவு போட்டுத்தான் ஏறும். வயர் வழியாக வடியும் தண்ணி அந்த வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. சுவர்ப் பிளக்கை ஜிஎஃப்சிஐ ஆக மாற்றினோம். அது சுமார் 5 மில்லிஆம்பியர் கசிந்தாலே கரண்டை அறுத்துவிடும். அந்த இரவு அது இருந்திருந்தால் அப்பா அப்படிக் கத்தியிருக்கத் தேவையில்லை.

நிறுத்திப் பார்க்கிற நாள்

எல்லாம் பூட்டினதும் முதலில் நல்ல தண்ணியில் ஓட்டினோம், உப்பும் மீனும் இல்லாமல். அப்பா துவாயோடு நின்றார். நான் பிளக்கை இழுத்தேன். சம்ப் ஏறியது, டேப்புக்குக் கீழேயே நின்றது. பிறகு ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு திரும்பவும் இழுத்தேன். அதே இடம். பத்துத் தடவை செய்தோம். பிறகு ஓவர்ஃப்ளோ வாயைத் துணியால் அடைத்து, பம்ப் வறளும் வரை விட்டோம். தொட்டி விளிம்புக்குக் கீழே நின்றது. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஆனால் முதல் தடவையும் முதல் நாள் எல்லாம் வேலை செய்ததுதானே? அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, காலமை தேத்தண்ணி நேரம், பம்பை நிறுத்துறன். ஐந்து நிமிஷம். சம்ப் எவ்வளவு ஏறுது என்று டேப்பில் கோடு போடுறன். போன மாதக் கோட்டைவிட மேலே போனால் எங்கேயோ ஏதோ மாறியிருக்கு என்று அர்த்தம். ஒருமுறை கால் இன்ச் கூடியது. பார்த்தால், யாரோ கண்ணாடி துடைக்கும்போது ரிட்டர்ன் வாயைக் கீழே தட்டிவிட்டிருக்கினம். யாரோ என்றால் நான்தான்.

ரொறன்ரோவில் இருக்கிறவர்களுக்கு 2013 டிசம்பர் ஐஸ் புயல் ஞாபகம் இருக்கும். கிறிஸ்மஸுக்கு முன்னால் நகரத்தில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போய், சில இடங்களில் நாள்கணக்கில் வரவில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகள், மெழுகுதிரியோடு ஒரே அறையில் படுத்தோம், சந்தோஷமாகத்தான் இருந்தது. கரண்ட் போகும். எப்ப என்றுதான் தெரியாது. அதைப் பழுது என்று நினைத்துக் கட்டாமல், வாரத்தில் வரும் ஒரு நாள் என்று நினைத்துக் கட்டுங்கோ.

தொட்டி இல்லாதவர்களுக்கும் வீட்டுப்பாடம் இருக்கு. உங்கட ஃபோன் பேக்கப்பிலிருந்து ஒரு படத்தையாவது திருப்பி எடுத்துப் பாருங்கோ. புகை அலாரம் பட்டனை அமத்திப் பாருங்கோ. பூட்டின அன்று வேலை செய்தது என்பதற்காக இன்றைக்கும் செய்யும் என்று இல்லை.

அப்பம்மாவுக்கு இப்ப பழகிவிட்டது. முதல் ஞாயிறு மேலே பம்ப் சத்தம் நின்றால் கீழேயிருந்து கேட்பா.

"பிள்ளை, குடை எடுக்கட்டோ?"

"வேண்டாம் அப்பம்மா, டேப்புக்குக் கீழதான் நிக்குது."

உங்கட வீட்டு வெள்ளக் கதைகள் இருந்தால் எழுதி அனுப்புங்கோ, நல்லதை அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம். கோடை தொடங்கமுன் இன்னும் இரண்டு எபிசோட் இருக்கு. அடுத்த வாரம் சந்திப்பம்.